மருமகளுக்கு ஆகாத பெயர்

அல்மாட்டி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

உங்கள் மருமகள் ஷாயிர்குல் சலாம் சொல்லி எழுதுவது. நீங்கள் நலமா? மாடு கன்று நலமா? செம்பசு கன்று போட்டுவிட்டதா? ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் போடுகிறீர்களா, இல்லை தலையணைக்கு அடியில் சேர்த்து வைக்கிறீர்களா? அடுப்புப் புகைபோக்கியைத் தட்டிச் சுத்தம் செய்ய உங்கள் மகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். செய்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டப்போகிறவரும் அவரேதான் என்பதால் இதோடு விடுகிறேன். வாசிக்கும்போது எங்காவது அவர் தாவுகிற மாதிரி இருந்தால் விடாதீர்கள், திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள்.

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். மலைப்பாதையில் மட்டும் மேலேயிருந்து அந்தக் கடினமான சாமான் உருண்டு விழுந்து வழி அடைபட்டுப் பாதி நாள் போய்விட்டது. எந்தச் சாமான் என்று உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுப் பெரியவர், என் மாமனாரின் பெயரில் பாதி அது. மருமகள் வாயில் வரக்கூடாத சொல், நான் சொல்லவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன். கூட வந்தவர்களுக்கு ஒரே சிரிப்பு. ஓட்டுநர் என்னைப் பார்த்து, அக்கா, டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு அந்தச் சொல் இல்லாமல் பூகோளம் எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டார். கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேன், பிள்ளைகள் சொல்வார்கள் என்றேன். உண்மைதானே?

நான் கிளம்பியதில் உங்களுக்கு வருத்தம். நாடகம் பார்க்க நாடு விட்டு நாடு போவாளா ஒருத்தி என்று என் காதில் விழும்படியாகவே உங்கள் மகனிடம் கேட்டீர்கள். நான் நாடகம் பார்க்க வரவில்லை அம்மா, குல்யாஷைப் பார்க்க வந்தேன். தாஷ்கந்தில் படித்த காலத்தில் குல்யாஷ், முஹப்பத், நான் மூன்று பேரும் விடுதியில் ஒரே அறை. அப்போது எல்லாம் ஒரே நாடு. இப்போது கசாக்குக்காரி ஒருத்தியைப் பார்க்க உஸ்பெக்குக்காரி ஒருத்தியும் கிர்கிஸ்காரி ஒருத்தியும் ஆளுக்கொரு எல்லையில் வரிசையில் நின்று முத்திரை வாங்கிக்கொண்டு வருகிறோம். முஹப்பத் பருத்துவிட்டாள். வாய் மட்டும் அதே வாய்.

குல்யாஷ் முப்பது வருஷமாக மேடையில் இருக்கிறாள். என்ன வேஷம் கட்டினாள் என்று கேளுங்கள். கல்யாணக் கூட்டத்தில் மூன்றாவது பெண். ஆஸ்பத்திரியில் ஊசியோடு குறுக்கே போகிறவள். தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலை குனிந்து போகிறவள். இப்போதுதான் முதல் தடவையாக அவள் கதாநாயகி. வந்து உட்கார்ந்து கை தட்டுங்கள்டி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தந்தி அடித்திருந்தாள். வந்து பார்த்தால் கை தட்டுகிற நிலைமையில் வீடு இல்லை. அவள் முகம் வெளுத்துக் கிடந்தது.

விஷயம் இதுதான். நாடகத்தில் ஒரு தகப்பன் போருக்குப் போய், புத்தி பேதலித்துத் திரும்பி வருகிறான். பெண்டாட்டி நினைவில்லை, பிள்ளை நினைவில்லை. மகள் எத்தனையோ வருஷம் தேடி ஒரு ரயில் நிலையத்தில் அவனைக் கண்டுபிடிக்கிறாள். அப்பா, அப்பா என்று கூப்பிடுகிறாள், அவன் திரும்புவதில்லை. தனக்குப் பிள்ளை இருப்பதே தெரியாதவன் எப்படித் திரும்புவான்? அவனிடம் மிச்சம் இருப்பது அவன் பெயர் ஒன்றுதான். வண்டி கிளம்பும்போது மகள் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். அவன் திரும்ப வேண்டும். திரை விழ வேண்டும். நாடகம் முழுக்க அந்த ஒரு கூப்பிடலில் நிற்கிறது.

அந்தப் பெயர் நௌரிஸ்பாய். குல்யாஷின் மாமனார் பெயரும் நௌரிஸ்பாய்!

மனுஷர் போய்ச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் இவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை உச்சரித்தவள் இல்லை. போன மாதம் ஊர் முழுக்க நௌரிஸ் பெருநாள் கொண்டாடியபோது கூட இவள் 'வசந்தப் பெருநாள் வாழ்த்து' என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஒத்திகையிலும் அதே கதை. ரயில் புறப்படுகிறது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், இவள் கையை நீட்டி, 'வசந்தக்காரரே!' என்று கத்துகிறாள். ரயில் ஊதுகிற பையன் சிரித்துப் புரண்டானாம்.

இயக்குநர் தானியார் தாடி வைத்த இளைஞர். இரண்டு மாதம் பொறுத்திருக்கிறார். கடைசியில் கூப்பிட்டு உட்கார வைத்து, "அக்கா, பேரை மாத்த முடியாது. ஆளைத்தான் மாத்த முடியும். முதல் நாள் உங்களுக்கு. அன்னைக்கும் வசந்தக்காரர் வந்தார்னா, மறுநாள்லேர்ந்து அந்தப் பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. நரைமுடி ஒட்டிக்கொண்டு வசனமெல்லாம் மனப்பாடம் செய்து தயாராக நிற்கிறாள். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இதிலெல்லாம் என்ன பெரிய கஷ்டம், மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று முஹப்பத் சொன்னாள். குல்யாஷ் வேண்டாம் வேண்டாம் என்று அவள் முழங்கையைக் கிள்ளினாள். முஹப்பத் கேட்பாளா? காலை உணவின்போது நேராகவே கேட்டுவிட்டாள். குல்யாஷின் மாமியார் பெயர் ரபிகா. எண்பதைத் தாண்டியவர், இன்னும் சமோவாருக்குப் பக்கத்தில் அவர்தான் உட்காருவார். முஹப்பத் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நான் என்ன அவ வாயைத் தைச்சா வச்சிருக்கேன்? நாக்கு அவளோடது" என்றார். அதோடு முஹப்பத்தின் கிண்ணத்தை வாங்கி, விளிம்பு தளும்பத் தளும்பத் தேநீர் ஊற்றி அவள் கையில் கொடுத்தார். விருந்தாளிக்குக் கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எழுந்து போடி என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கூட அவ்வளவு உறைத்திருக்காது. முஹப்பத் அதைச் சூட்டோடு சூடாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு எழுந்தாள்.

அப்புறம் நாங்கள் ஊர் சுற்றக் கிளம்பினோம். சுற்றுகிற சாக்கில் குல்யாஷின் வாயைத் திறக்க வைப்பது எங்கள் திட்டம். கம்பியில் தொங்கும் வண்டியில் கோக்-தொபே குன்றுக்குப் போனோம். உங்கள் மகன் என்னிடம் சொன்னது மாதிரி ஒன்றும் பயங்கரமில்லை. கீழே தோட்டங்கள், ஆப்பிள் மரமெல்லாம் பூ. முஹப்பத்துக்குத்தான் உயிர் போய்விட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஏண்டி, இங்கே உன் மாமியார் காது எட்டாது. சொல்லித் தொலை. நான் செத்தாலும் அதைக் கேட்டுட்டுச் சாகறேன்" என்றாள். குல்யாஷ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, "நௌ..." என்றாள். மறுபடியும், "நௌ... நௌ..." எதிரே உட்கார்ந்திருந்த ரஷ்யக் கிழவர் குனிந்து இருக்கைக்கு அடியில் பூனையைத் தேடினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். குல்யாஷும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பினால் வந்த தண்ணீர் மட்டும் இல்லை.

மரத்தாலான பெரிய தேவாலயம் இருக்கிற பூங்காவில் முயன்றோம். பச்சைச் சந்தையில் உலர்ந்த ஆப்ரிகாட் பழம் வாங்கிக்கொண்டே முயன்றோம். உங்களுக்கும் இரண்டு பை வாங்கியிருக்கிறேன், கொட்டை எடுத்தது, பல்லுக்குத் தொந்தரவு இராது. மாலையில் மெதேவ் பனிச்சறுக்குத் திடலின் படிக்கட்டில் உட்கார்ந்தோம். சறுக்குகிற காலம் முடிந்து திடல் காலியாகக் கிடந்தது. அங்கேதான் குல்யாஷ் மனதைத் திறந்தாள். தனக்கு மாமியாரிடம் பயமில்லை என்றாள். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் வைததில்லை, கை ஓங்கியதில்லை, நல்ல கறித்துண்டைத் தனக்கு எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. கெலின், தண்ணி கொண்டா. கெலின், கதவைச் சாத்து. கடைசிவரை கெலின்தான், மருமகள்தான். நல்ல மருமகள் என்ற பெயர் ஒன்றுதான் அந்த வீட்டில் தான் சம்பாதித்தது, அதையும் ஒரு நாடகத்துக்காக மேடையில் போட்டு உடைத்தால் தான் யார் என்று கேட்டாள்.

முஹப்பத் ஆப்ரிகாட் பழத்தை மென்றுகொண்டே, "கெலின்னா வந்தவ. அவ்வளவுதானே? இத்தனை வருஷமாவா வந்துக்கிட்டே இருக்கே? எப்பத்தான்டி வந்து சேருவே?" என்றாள். அவள் கேலிக்குத்தான் சொன்னாள். நாங்கள் சிரித்தோம். சிரித்துவிட்டு நானும் குல்யாஷும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நாடகம். முஹப்பத் கண்ணைப் பறிக்கிற பட்டுச் சட்டை போட்டுக்கொண்டாள். நான் நீங்கள் கொடுத்த வெள்ளைச் சால்வை. கோட்டைக் கொடுத்து இலக்கத் தகடு வாங்கி, வாடகைக்குத் தூரக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு உள்ளே போனால், முதல் வரிசையில் நட்டநடுவே வெள்ளைத் தலைத்துணி கட்டி ரபிகா அம்மாள் உட்கார்ந்திருக்கிறார்! இத்தனை வருஷத்தில் மருமகள் நடித்த எதையும் அவர் வந்து பார்த்ததில்லை. தட்டு வைத்துவிட்டுப் போவதை நான் வீட்டிலேயே பார்க்கிறேனே என்பாராம். அன்றைக்கு மட்டும் தானாகவே கிளம்பி வந்திருக்கிறார். போச்சுடா, அவளுக்கு இன்று வாய் திறந்த மாதிரிதான் என்று முஹப்பத் என் காதில் முனகினாள்.

குல்யாஷ் எப்படி நடித்தாள் என்று எழுத எனக்குத் தெரியவில்லை அம்மா. மேடைக்கு வந்ததும் நம் குல்யாஷ் எங்கே போனாள் என்று தேடினேன். ஒரு காட்சியில் அவள் அப்பாவின் பழைய தொப்பியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள், பேச்சே இல்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ராணுவக்காரர் மூக்கைச் சிந்தினார். இவளையா முப்பது வருஷம் தட்டு தூக்க வைத்தார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பிறகு ரயில் நிலையம் வந்தது. புகை விட்டார்கள், ஊதல் ஊதியது. தகப்பனாக நடித்த மூத்த நடிகர் முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். குல்யாஷ் அப்பா என்றாள். அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை அப்பா என்றாள். அவர் ஒரு காலைப் படியில் வைத்தார். இனி பெயர்தான். குல்யாஷ் கையை நீட்டினாள், வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நடிகர் படியில் வைத்த காலை எடுக்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் நின்றார். ரயில் மறுபடி ஊதியது. திரைக்குப் பக்கவாட்டில் தானியார் தாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பின்னால் நரைமுடி ஒட்டிய அந்தப் பெண். குல்யாஷின் கண் முதல் வரிசையில், அந்த வெள்ளைத் தலைத்துணியில் குத்திட்டு நின்றது. முடிந்தது என்று நினைத்தேன். முஹப்பத் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது ரபிகா அம்மாள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். சத்தம் போடவில்லை, வீட்டில் பேசுகிற குரல்தான். ஆனால் அந்த அமைதியில் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"அந்தப் பேரு மருமகளுக்குத்தான் ஆகாது. மகளுக்கு ஆகும். என் மகளே, கூப்பிடு உங்கப்பாவை."

குல்யாஷ் கூப்பிட்டாள் அம்மா! நௌரிஸ்பாய் என்று அவள் கத்திய கத்தலில் என் நெஞ்சு அதிர்ந்தது. இத்தனை வருஷமாகச் சொல்லாமல் அடக்கி வைத்தது அத்தனையும் சேர்ந்து ஒரே மூச்சில் வெளியே வந்தது. அந்த மூத்த நடிகர் நிஜமாகவே தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். அழ வேண்டிய இடமில்லையாம் அது, மனுஷர் பொலபொலவென்று அழுதுவிட்டார். அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். இன்னொரு தடவையும் கூப்பிட்டாள். நாடகத்தில் ஒரு தடவைதான். யார் கேட்கப்போகிறார்கள்? திரை இறங்குவதற்குள் அரங்கம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. ஜனங்கள் அதை நாடகத்தின் பகுதி என்றே நினைத்துக்கொண்டார்கள். கிழவியைக் கூட்டத்துக்குள் உட்கார வைத்தானே, என்ன மூளை என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டே கை தட்டினார். முஹப்பத் கைப்பையில் இருந்த மிட்டாயையெல்லாம் கல்யாண வீட்டில் வீசுகிற மாதிரி அள்ளி மேடையில் வீசினாள். மிட்டாய் தீர்ந்ததும் ஆப்ரிகாட் பழத்தை வீசினாள். அதில் ஒன்று தானியாரின் கண்ணாடியில் பட்டது. உங்களுக்கு வாங்கிய பை பத்திரமாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம்.

மறுநாள் பத்திரிகையிலும் இயக்குநரின் புதுமையான உத்தி என்று பாராட்டி எழுதிவிட்டார்கள். தானியார் அந்தப் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ரபிகா அம்மாளின் முன்னால் மண்டியிட்டு, பாட்டி, தினமும் வந்து அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும் என்று கெஞ்சினார். "தெனமும் ஒருத்தியை மகளாக்க முடியுமா? ஆனவ ஆனதுதான். போய் வேற ஆளைப் பாரு" என்றார் அவர். சொல்லிவிட்டு, இன்னும் உட்காரு என்கிற மாதிரி, கிண்ணத்தில் பாதிதான் ஊற்றிக் கொடுத்தார். ஆகையால் தானியார் மூன்று கிண்ணம் குடித்துவிட்டே போனார். எல்லா நாளும் கதாநாயகி குல்யாஷ்தான். கோடைகாலத்தில் பிஷ்கேக்குக்கும் கொண்டுவரப் போகிறார்களாம்.

நேற்றுக் காலை குல்யாஷ் தேநீர் மேஜையில் உட்கார்ந்து நௌரிஸ் மாதம், நௌரிஸ் பெருநாள், நௌரிஸ் கஞ்சி என்று சம்பந்தமில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். குழந்தை புதுச் சொல் கற்றுக்கொண்ட மாதிரி. ரபிகா அம்மாள், "போதும் மகளே, ரொட்டி ஆறுது" என்றார். அவ்வளவுதான். குல்யாஷ் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதாள். அரங்கத்தில் சொன்னது ஊருக்குக் கேட்கச் சொன்னது. இது ரொட்டி ஆறுகிறது என்பதற்காகச் சொன்னது. முஹப்பத்தும் அழுதாள். நானும் அழுதேன்.

அம்மா, எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு வராது. நீங்களும் என்னை வைததில்லை. நல்ல கறித்துண்டை நீங்களும் உங்களுக்கென்று எடுத்துக்கொண்டதில்லை. எனக்குக் குறையென்று சொல்ல ஒன்றும் இல்லை. பெரியவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற ஆசையும் இல்லை, அது உங்களோடு பத்திரமாக இருக்கட்டும். நான் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியே மிச்ச காலத்தையும் ஓட்டிவிடுவேன்.

அடுத்த வார இறுதியில் கிளம்பி வருகிறேன். இந்தக் கடிதத்தை நம் நாரினுக்குப் போகிற சிற்றுந்து ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன், எனக்கு முன்னால் வந்து சேரும். கீழே கையெழுத்துக்கு மேல் ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேன். எப்போதும் எழுதுகிற சொல்லை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. உங்கள் மகன் வாசித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றுவிடுவார். நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பார். எந்தச் சொல் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பழைய சொல்லையே சொன்னாலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை, அந்தச் சொல்லோடுதான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நான் பக்கத்தில் இல்லாததால் கூச்சப்படாமல் சொல்லலாம். அவர் வந்து என்னிடம் சொல்வார்.

ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல உறக்கத்தையும் கொடுக்கட்டும். மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் . . . . . . . . .
ஷாயிர்குல்